டிராகன் பல் வாள்

அக்டோபர் 9, புதன்

இந்த டைரி, பல் சாமான் விற்கும் கம்பெனிக்காரன் ஜனவரியில் ஓசியாகக் கொடுத்தது. இதுவரை இதில் ‘டாக்டர் பொன்னையா, கீழ்வரிசை பல்செட், வியாழன் தரணும்’ என்பது மாதிரிதான் எழுதி வந்தேன். இன்று முதல் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பேச ஆள் குறைந்தால் மனுஷன் எழுதத்தான் செய்வான்.

யாராவது எடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: ஆறுமுகநயினார், பாளையங்கோட்டை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், பல்லைச் செய்பவன் நான். இருபத்தாறு வருஷம். வாசல் அறைதான் லேப், பின்னால் வீடு. மனைவி பிரம்மசக்தி. ஒரே மகள் ஆவுடைச்செல்வி, சென்னையில் விஸ்காம் படிக்கிறாள். டாக்டருக்குப் படிக்க வேண்டியவள். நுழைவுத் தேர்வு இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் வரவில்லை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்கு போன் பண்ணுவாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். “எல்லாரும் சாப்ட்டாச்சாம்மா?” என்பாள். அந்த ‘எல்லாரும்’ நான்தான். என்னோடு பேசி நாலு மாசம் ஆகிறது. ஜூனில் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தபோது அவள் விளையாடிக்கொண்டிருந்த கேம் அழிந்துவிட்டது. லேபுக்கு ஸ்கேன் மென்பொருள் போட வேண்டியிருந்தது, அதனால் ஃபார்மட் செய்தேன். அதற்கு இவ்வளவு வைராக்கியமா? பல் போனால் சொல் போகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பல்லுக்குக் குறைவில்லை, சொல்தான் போய்விட்டது.

இன்று போனில் ஒரு விஷயம் சொன்னாள். ஜனவரியில் சென்னையில் கேம் பிரியர்கள் எல்லாரும் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிறார்களாம். இவளும் போகிறாளாம். கையில் ஒரு வாள் வேண்டுமாம். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டப்போகிறாளாம்.

“அட்டையிலயா?” என்றேன், போனில் கேட்கும்படியாகவே. உடனே, “சரிம்மா, வைக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேபைக் கழுவி, அடுப்பு, பாலீஷ் மோட்டார், சாமணம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். உள்ளறையில் ஆவுடையின் கம்ப்யூட்டருக்கும் பிரம்மசக்தி பொட்டு வைத்திருக்கிறாள்.

பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு தெருமுனை தாவீது கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர், என்னைவிட நாலு வயசு இளையவர். அவரும் அந்த கேமை விளையாடுகிறவர் என்று இன்றைக்குத்தான் தெரியும். பேரப்பிள்ளை எடுத்த மனுஷன்!

“அந்த வாள் படம் ஒண்ணு எடுத்துத் தாரும் வே.”

“அன்வோர் வாளா? இந்தாங்க அண்ணாச்சி” என்று திரையில் காட்டினார்.

மூன்றரை அடி. லேசான வளைவு. இரும்பு மாதிரி இல்லை. உள்ளே பால் ஊற்றி வைத்ததுபோல வெள்ளை, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்து நீலமாகத் தெரிகிறது. நெடுக்காக மயிரிழை விரிசல்கள். பிடிக்கு மேலே வெண்கலத் தகடு, அதில் ஒரு ராஜாவின் முகம்.

நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். “இது வாள் இல்ல வே. இது பல்லு!”

“பல்லுதான். டிராகன் பல்லு.”

உடம்பு சிலிர்த்துப்போனது. கையை நீட்டிக் காட்டினேன், ரோமம் நிற்பதை அவரும் பார்த்தார். இதை வரைந்தவன் யாரோ, எந்த ஊரோ. ஆனால் ஒரு பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மணிக்கணக்காகப் பார்த்தவன்.

அக்டோபர் 13, ஞாயிறு

தாவீது சொன்ன கதை: ஓர்வெத் என்று ஒரு நாடு. அங்கே தொள்ளாயிரம் வருஷமாகப் பனி விடாமல் பெய்கிறது. ஹெஸ்ஸா என்ற வெள்ளை டிராகனோடு சண்டை போட்டு, அதன் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி வாளாக்கினான் டோரிக் ராஜா. ஊரெங்கும் அவன் சிலை, கையில் பல்லோடு. அந்த வாளைக் கண்டெடுத்து, மலையுச்சிக்குப் போய் ஹெஸ்ஸாவைக் கொல்ல வேண்டும், அப்போது பனி நிற்கும். அதுதான் கேம். வாளைப் பற்றி கேமில் மூன்று வரிதான் எழுதியிருக்கிறார்களாம்:

அன்வோர். வெள்ளை டிராகனின் பல். டோரிக் பிடுங்கினான்.
தொள்ளாயிரம் குளிர்காலம் கடந்தது.
இன்னும் வலிக்கிறது.

யாருக்கு வலிக்கிறது என்று உலகம் முழுக்க இதற்கே சண்டை போடுகிறார்களாம். பிடுங்கின பல்லுக்கு வலி ஏது? குழிக்குத்தான் வலி. இதில் சண்டை என்ன வேண்டிக்கிடக்கிறது?

அக்டோபர் 14, திங்கள்

இரண்டு கிரௌன், ஒரு பல்செட் ரிப்பேர். மதியம் ஷேட் கைடை எடுத்துக்கொண்டு தாவீது கடைக்குப் போனேன். பல் நிறம் பார்க்கிற சாம்பிள் பற்கள் அவை, வெளுப்பிலிருந்து மஞ்சள் வரை பதினாறு. ஒவ்வொன்றாகத் திரையில் வாளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு பையன்கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்.

பதினாறில் ஒன்றும் சேரவில்லை. வாள் அதைவிட வெளுப்பு. ராஜாவிடம் சண்டை போட்ட வயசான டிராகனுக்கு இத்தனை வெளுப்பான பல்லா? வரைந்தவன் இந்த இடத்தில் கோட்டைவிட்டான் என்று நினைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

எல்லாப் படத்திலும் வாளின் ஒரு பக்கம்தான் தெரிகிறது, தகடு உள்ள பக்கம். மறுபக்கம் எப்போதும் அதைப் பிடித்திருக்கும் வீராங்கனையின் உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கத்தை வைத்துப் பல் செய்ய முடியுமா? நாக்கு படுகிற பக்கமும் பல்தானே.

“விளையாடித்தான் பாக்கணும் அண்ணாச்சி” என்றார் தாவீது. வீட்டுக்கு வந்து கேமை மறுபடி ஏற்றித் தந்தார். கடவுச்சொல், கீபோர்டின் அடியில் ஆவுடை ஒட்டிவைத்த சீட்டில் இருந்தது.

ஏற்றும்போது கேட்டார். “ஸ்கேன் மென்பொருளுக்காக ஃபார்மட் பண்ணினதா அண்ணி சொன்னாவ. ஒண்ணையும் காணோமே. ஸ்கேனர் மெஷினே உங்ககிட்ட கிடையாதுல்லா?”

“வாங்கலாம்னு இருந்தேன்” என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன்.

கேமில் அவள் வைத்திருக்கும் பெயர் திரையில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் தமிழ்: பல்செட்டு மக.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படிக் கேலி செய்தார்கள் என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு லேபுக்குள் வருவதையே விட்டுவிட்டாள். டாக்டர் மகள் என்று இவளைச் சொல்ல வைக்க முடியாது, டாக்டர் என்றே சொல்லவைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

மானிட்டரைத் துடைத்தேன். ஒரே தூசி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஆவுடை வரவில்லை. பிராஜெக்டாம். பிரம்மசக்தி அதிரசத்தை டப்பாவில் போட்டு கூரியர் பண்ணினாள்.

நவம்பர் 3, ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை விளையாடுகிறேன். மெழுகு ஆறுகிற நேரம், எப்படியும் சும்மாதான் இருப்பேன்.

எழுத வேண்டும், எழுதாவிட்டால் தாங்காது: அந்த நாட்டைப் பார்க்கப் பார்க்க வாயடைத்துப்போகிறது. பனியில் நடந்தால் நம் காலடி விழுகிறது, திரும்பி வந்து பார்த்தால் பாதி மூடியிருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் ஆளே இல்லாத ஊர். மணிக்கூண்டில் காற்று பட்டு மணி அடிக்கிறது. கேட்க ஆளில்லாத மணியை யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறானே! நான் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லின் உள்பக்கத்தைப் பாலீஷ் பண்ணுவது மாதிரி. யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் பண்ணுவோம்.

விளையாட்டுதானே என்று சொன்னேன். சொன்ன வாய்தான் இது.

நவம்பர் 8, வெள்ளி

கேமில் ஒரு வசதி. விளையாடுகிறவர்கள் கல்லில் எதையாவது எழுதிவைக்கலாம். பின்னால் வருகிறவர்கள் படிப்பார்கள். இங்கிலீஷ், ஜப்பான், என்னென்னவோ பாஷை. இன்று ஒரு பாலத்துக்கு முன்னால் ஒரு கல் மட்டும் தங்க நிறத்தில் மின்னியது. போய்ப் பார்த்தால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:

பாலம் ஒடையும். திரும்பிப் பாக்காம ஓடு.

தாவீதுக்கு போன் போட்டேன். “அது ஆவுடை எழுதினது அண்ணாச்சி. அவ கணக்குல நீங்க விளையாடுதிய, அதான் தங்கமா மின்னுது. நீங்க அழிச்சது உங்க மெஷின்ல இருந்தத. கல்லுல எழுதினது கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல இருக்கு. அத யாரும் அழிக்க முடியாது.”

ஓடினேன். பாலம் என் காலுக்குப் பின்னாலேயே உடைந்து விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷமாகவும் இருந்தது. அஞ்சு மாசம் கழித்து என் மகள் என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள், நானும் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வாள் வேலை. மெழுகுவர்த்தி செய்கிறவரிடம் ஆறு கிலோ மெழுகு வாங்கி முழு நீளத்துக்கும் செதுக்கினேன். உள்ளே சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பிறகு அச்சு எடுத்து, சுடுதண்ணீரில் மெழுகை உருக்கிவிட்டு, அக்ரிலிக் ஊற்றினேன். பல்செட் செய்கிற அதே முறைதான், வாய்தான் பெரிசு. நடுவில் அலுமினியப் பட்டை.

கையிருப்பில் இருந்ததெல்லாம் ஈறு செய்கிற ரோஸ் பவுடர். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று அதையே ஊற்றினேன். அச்சைப் பிரித்ததும் பிரம்மசக்தி வந்து பார்த்தாள்.

“என்னங்க இது? வாளா, பஞ்சு மிட்டாயா?”

பெயின்ட் அடித்தும் பார்த்தேன். செத்த பல் மாதிரி இருந்தது. பல் என்றால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். உடைத்துப் போட்டேன். வெளுப்புப் பவுடர் மதுரையிலிருந்து வர வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

இதுவரை கண்ட தங்கக் கற்கள். நடந்த வழியிலேயே எழுதி வைத்திருக்கிறாள்:

இங்க பயமா இருந்துச்சு. பாட்டு பாடிட்டே போனேன்.

கெமிஸ்ட்ரி மாடல் டெஸ்ட் 31 மார்க். இந்த இடத்துல பனி எவ்ளோ அழகு.

பனிக்காவலன்: இடது பக்கம் ஒதுங்கு. அவனுக்கு இடது கண்ணு தெரியாது.

அப்பா இன்னிக்குச் சாப்பிடல. என்னாலதான்.

கடைசிக் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. என் ஆள்மேல் முழங்கால்வரை பனி ஏறிவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

எந்த நாள் அது என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பிடாத நாள் ஒன்றிரண்டு இல்லை.

நவம்பர் 25, திங்கள்

கேமில் வழியை மறிக்கிற பனிக்காவலனிடம் நாற்பத்தேழு தடவை செத்தேன். நாற்பத்தெட்டாவது தடவை ஜெயித்தேன். நான் போட்ட சத்தத்தில் பல்செட் வாங்க வந்த பாட்டையா பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார். “யாருக்கு என்னாச்சு?” என்றார், பல்லில்லாத வாயால். “காவலன் செத்தான் பாட்டையா” என்றேன்.

டிசம்பர் 2, திங்கள்

வெளுப்புப் பவுடர் வந்தது. ஊற்றினேன். வாள் பிரமாதமாக வந்திருக்கிறது! தற்பெருமை இல்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் அந்த நீலம் தெரிகிறது. பிரம்மசக்தி தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கோயிலில் விளக்கைத் தொட்டால் அப்படிச் செய்வாள்.

மறுபக்கத்துக்கு இனி கேமை நம்பிக் காத்திருக்கவில்லை. பிடுங்கின பல் என்றால் வேர் இருக்கும். எனக்குத் தெரியாத வேரா? தகட்டுக்கு மறுபக்கம், பிடிவரை இறங்குகிற மாதிரி அருமையான வேர் ஒன்று செதுக்கி வைத்தேன். நுனியில் லேசான வளைவுகூட. உலகத்தில் எந்த டெக்னீஷியன் டிராகனுக்கு வேர் செய்திருப்பான்?

டிசம்பர் 6, வெள்ளி

வாள் கிடைத்துவிட்டது. கேமில்.

குகைக்குள் ஒரு உறைந்த ஏரி, அதில் தலைகீழாகக் குத்தி நிற்கிறது. பிடுங்கும்போது மூன்று நொடி, மூன்றே நொடி, மறுபக்கம் திரை முழுக்கத் தெரிகிறது. நிறுத்தி, போனில் போட்டோ எடுத்தேன்.

வேர் இல்லை.

அடிப்பக்கம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது. விளிம்பு எலி கரம்பினது மாதிரி அரித்து, மெலிந்து. முறித்த பல் இப்படி இருக்காது, வெட்டின பல்லும் இருக்காது. இப்படி இருப்பது ஒன்றே ஒன்றுதான். கீழேயிருந்து புதுப் பல் முளைத்து வரும்போது மேலே உள்ள பல்லின் வேரைக் கரைத்துவிடும். கரைந்து, பிடிப்பு விட்டு, ஒருநாள் இட்லி தின்னும்போது கையோடு வந்துவிடும்.

பால் பல்! அதனால்தான் அந்த வெளுப்பு. பால் பல் பெரியவர்கள் பல்லைவிட வெளுப்பு. என் ஷேட் கைடில் பெரியவர்கள் நிறம் மட்டும்தானே இருக்கிறது. கோட்டைவிட்டது வரைந்தவன் இல்லை, நான்.

“சக்தி! ஏ சக்தி!” என்று கத்தினேன். மாவாட்டிக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“ராஜா பொய் சொல்லிருக்கான்! அவன் சண்டையும் போடல, பிடுங்கவும் இல்ல. அது குட்டி டிராகனோட பல்லு. தானா விழுந்தத எடுத்துட்டு வந்து, பிடுங்கினேன்னு சொல்லி ஊர ஏமாத்திருக்கான். விழுந்த இடத்த மறைக்கத்தான் தன் மூஞ்சியத் தகட்டுல அடிச்சு வச்சிருக்கான்!”

அவள் என்னையே பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். “அவளும் இப்படித்தான் சின்னப்பிள்ள மாதிரி கத்துவா.”

தொள்ளாயிரம் வருஷம் கொண்ட கதையை ஒரு பல்லின் அடிவிளிம்பில் ஒளித்து வைத்திருக்கிறான் அந்தக் கலைஞன். எங்கேயோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு. கும்பிடத் தோன்றுகிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

மலையுச்சி. ஒரு கல்மேடை. அதற்கு அப்பால் பனிமூட்டத்தில் மலை என்று நான் நினைத்தது மூச்சுவிடுகிறது. ஹெஸ்ஸா. நாம் வாளை ஓங்கும்வரை அது கண்ணைத் திறப்பதில்லை.

மேடையடியில் மூன்று தங்கக் கல்.

முதல் கல்: எல்லாரும் இங்க சண்ட போடுறாங்க. நான் போட மாட்டேன்.

இரண்டாவது: இது பிடுங்கின பல் இல்ல, விழுந்த பல். எங்கப்பா பாத்தா ஒரு நொடில சொல்லிருவார்.

மூன்றாவது: திருப்பிக் கொடுக்கணும்னு நினைக்கேன். நாளைக்கு ரிசல்ட். பாத்துட்டு வந்து வைக்கேன்.

கேமை அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

ஸ்கேன் மென்பொருள் என்று ஒன்று கிடையாது.

ரிசல்ட் வந்த அன்று நான்தான் அழித்தேன். தெரியாமல் இல்லை. அவள் வாசற்படியில் நின்றுகொண்டு, “யப்பா, என்ன வேணா சொல்லுங்க, அத மட்டும் அழிச்சிராதிய. இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி” என்றாள். அழிக்கவா என்று கம்ப்யூட்டரும் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் நடந்து போய், ஒரு அடி பாக்கியிருந்தது அவளுக்கு. படிப்பைக் கெடுத்தது அந்த கேம் என்று நினைத்தேன். அந்த ஒரு வருஷத்தை அவள் தாங்கிக்கொண்டதே அந்த கேமில்தான். தப்பு என்னுடையது. பூசி மெழுக ஒன்றும் இல்லை.

நான் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேனாம். எனக்கு இரண்டு மாசம் ஆனது.

டிசம்பர் 13, வெள்ளி

தாவீது வந்தார். “மேடைக்கு வந்துட்டியளா? வாளக் கீழ வச்சா என்ன நடக்கும் தெரியுமா அண்ணாச்சி? நான் வந்து...”

“வாய மூடும் வே!” என்றேன். பாவம், பதறிப்போனார். பிறகு காபி கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

நான் வாளை வைக்கவில்லை. மேடைக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தி, சேமித்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு அடி அவளுடையது. என்ன நடக்கும் என்று நானும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

வேரை அறுத்தேன். ரம்பம் போடும்போது மனசு கஷ்டப்படவில்லை என்று சொல்ல மாட்டேன், நல்ல வேர். அடியைக் குடைந்து, விளிம்பை அரித்த மாதிரி மெலியவைத்தேன். சாம்பிளுக்கு அலமாரியைத் துழாவியதில் ஒரு பழைய பிலிம் டப்பா அகப்பட்டது. உள்ளே ஆவுடையின் பால் பற்கள் பதினொன்று. ஒவ்வொன்றாக விழும்போது அவளே ஓடிவந்து, “யப்பா, லேபுக்கு ஒரு பல்லு” என்று கொடுத்தவை.

முன்பல் ஒன்றை லென்ஸில் வைத்துப் பார்த்து, அப்படியே செதுக்கினேன்.

டிசம்பர் 19, வியாழன்

தகடு ஒட்டினேன். பாலீஷ். முடிந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் ரயிலில் வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். என்னைத் தாண்டி உள்ளே போய், “காபி தாம்மா” என்றாள். நான் லேபில் பாலீஷ் சக்கரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் பல் எதுவும் இல்லை, சக்கரம் சும்மாதான் ஓடியது.

“லேபுல உனக்கு ஒரு சாமான் இருக்கு, போய்ப் பாரு” என்று பிரம்மசக்தி சொல்வது கேட்டது.

வந்தாள். மேசைமேல் மூடியிருந்த துண்டை விலக்கினாள். இரண்டு கையாலும் தூக்கினாள். ராஜாவின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தாள், அந்த நீலம் அவள் கன்னத்தில் விழுந்தது. பிறகு திருப்பினாள். கட்டைவிரல் நேரே அடிக்குப் போனது. விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

“யப்பா.”

ஆறு மாசம் கழித்து.

“வேரு இல்ல.”

“தானா விழுந்த பல்லுக்கு ஏதுட்டி வேரு?” என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க விளையாடுனியளா?”

“தொண்ணூத்தாறு மணி நேரம். காவலன்கிட்ட மட்டும் நாப்பத்தேழு தடவ செத்தேன்.”

“இடது பக்கம் ஒதுங்கணும்னு எழுதிருந்தேன்லா?”

“அதப் பாத்தப் பொறவுதான் நாப்பத்தேழு.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். “ஸ்கேன் மென்பொருள்லாம் ஒண்ணும் இல்லட்டி. கோவத்துல அழிச்சேன். நீ வேண்டாம்னு சொல்லச் சொல்ல அழிச்சேன். தப்புப் பண்ணிட்டேன்.”

“தெரியும்ப்பா” என்றாள். “வாசப்படியில நாந்தான நின்னேன்.”

அழுதாள். நானும் அழுதேன். தூசி என்று இன்று எழுத மாட்டேன்.

பிறகு கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். மேடை. ஒரு அடி பாக்கி. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏன் வைக்கல?”

“நீதான வந்து வைக்கேன்னு எழுதிருந்த.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரம்மசக்தியும் கரண்டியோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். ஆவுடை அந்த ஒரு அடியை நடந்தாள். வாளை மேடையில் வைத்தாள், ராஜாவின் முகம் கீழே இருக்கும்படி.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மலை அசைந்தது. அத்தனை பெரிய தலை, பனி சரியச் சரியத் தாழ்ந்து வந்தது. பல்லை மோந்து பார்த்தது. அது வாயைத் திறந்தது. வரிசையில் ஒரு பல் மட்டும், மற்றதைப் போலவே பெரிசாக, ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து நின்றது.

“முளைச்சிருக்கு!” என்று கத்திவிட்டேன். “ஏட்டி, பாரு! அந்த எடத்துலயே நல்ல பல்லா முளைச்சிருக்கு!”

“ஆமாப்பா” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

திரையில் பனி நின்றது. தொள்ளாயிரம் வருஷத்துப் பனி. வாளைப் பற்றிய அந்த மூன்று வரி மாறி வந்தது. ‘பிடுங்கினான்’ போய்விட்டது, ‘இன்னும் வலிக்கிறது’ என்பதும் இல்லை. ‘அன்வோர். குழந்தை ஹெஸ்ஸாவின் முதல் பல்’ என்று மட்டும் இருந்தது. ஆளில்லாத ஊரின் மணி எங்கேயோ அடித்தது.

பிரம்மசக்தி மூக்கை உறிஞ்சினாள். “தோச கருகுது” என்று போனாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

சாயங்காலம் ரயில். வாளை அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். டிக்கெட் பரிசோதகர் கேட்டால் என்ன சொல்லுவாய் என்றேன். “பல்லுன்னு சொல்லுவேன்” என்றாள்.

டிசம்பர் 30, திங்கள்

டாக்டர் பொன்னையா, மேல்வரிசை, வெள்ளிக்கிழமை தரணும்.

காலை ஆறே முக்காலுக்கு, எக்மோர் வந்து சேர்ந்துவிட்டதாக ஆவுடை போன் பண்ணினாள். பிரம்மசக்தி தன் போனை எடுத்துப் பார்த்தாள். அடித்தது என்னுடையது.